இரண்டாவது டிராக்கர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கோமதியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் மாணவர்கள் கேமரா பெட்டியோடு உயரே விடப்போகும் பலூன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்குள் ஒரு போனை வைத்து, தரையிறங்கியதும் அது இருப்பிடத்தை அனுப்பும் என்று அவர்கள் நம்பியிருப்பதாக எழுதியிருந்தாய். உடனே அரிசோனா கதைதான் ஞாபகம் வந்தது. 2013 ஜூனில் ஸ்டான்ஃபோர்ட் நண்பர்கள் சிலர் டியூபா சிட்டி அருகே பலூன் விட்டார்கள். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் ஏறி, கிராண்ட் கேன்யனைப் படம்பிடித்து, பெட்டி ஒழுங்காகத்தான் இறங்கியது. போனிலிருந்து மட்டும் தகவல் வரவில்லை. கவரேஜ் மேப்பில் சிக்னல் உண்டு என்று போட்டிருந்த இடத்தில் சிக்னல் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பக்கம் மலையேறப் போன ஒரு பெண் கண்ணில் பட்டது. அவர் வேலை பார்த்ததும் போன் கம்பெனியில். சிம் கார்டை வைத்து உரியவரைக் கண்டுபிடித்தார். அத்தனை அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது. தவிர, பலூனில் பறக்கும் செல்போன் இயங்கக் கூடாது என்றே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி இருக்கிறது.

பேக்கப் என்றதும் இன்னொரு போனை வைப்போம் என்பார்கள். விடாதே. முதல் டிராக்கர், அதாவது இருப்பிடம் சொல்லும் கருவி, எதனால் சாகுமோ, அதனால் இரண்டாவதும் சாகக் கூடாது. பேட்டரி, ஆன்டெனா, நெட்வொர்க் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

அமெரிக்காவில் 144.39 மெகாஹெர்ட்ஸில் போகும் ஏபிஆர்எஸ், அதாவது அமெச்சூர் ரேடியோ வழியாக இருப்பிடத்தை அனுப்பும் முறை, பெட்டி வானத்தில் இருக்கும்வரை ராஜா. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தரையை நெருங்கியதும் மேடும் மரமும் மறைத்துவிடும். இருப்பிடம் சொல்லும் கடைசி பேக்கெட் (தகவல் துண்டு) 400 மீட்டர் உயரத்தில் வந்தது என்று வை. பாராசூட் நொடிக்கு 5 மீட்டர் இறங்கினால் இன்னும் 80 நொடி மிதக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 800 மீட்டர் தள்ளிப் போய்விடும். இருப்பிடத்தைச் சாட்டிலைட் வழியாக அனுப்பும் டிராக்கர் வேலைக்கு வருவது அங்கேதான். ஆனால் பெட்டி குப்புற விழுந்தால் அதன் ஆன்டெனா மண்ணைத்தான் பார்க்கும். எப்படிப் புரண்டாலும் முகம் மேலே திரும்பும்படி தொங்கவிடச் சொல்.

போன ஆகஸ்டில் எங்கள் பெட்டி அயோவாவில் மக்காச்சோளக் காட்டில் இறங்கியது. பயிர் ஆளை மறைக்கும் உயரம். சாட்டிலைட் சொன்ன இடத்தில் நின்றும் ஆரஞ்சு பாராசூட் கண்ணில் படவில்லை. இலை உரசும் சத்தத்துக்கு நடுவே பஸ்ஸர் கீச்சிட்டதைக் கேட்டுத்தான் வரிசை வரிசையாகப் புகுந்து எடுத்தோம். சில டாலர்தான் அந்தப் பஸ்ஸர். கட்டாயம் வை. பெட்டிமேல் போன் நம்பரும் எழுது.

சில ஜிபிஎஸ் ரிசீவர்கள் 18 கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். யு-ப்ளாக்ஸ் கம்பெனி ரிசீவர் என்றால், உயரத்தில் பறப்பதற்கான ஏர்போர்ன் மோடில் போட வேண்டும். நடுவானில் ரீசெட் ஆனாலும் திரும்ப அதே மோடுக்கு வரும்படி புரோகிராமில் எழுதச் சொல். குளிருக்கு ரீசார்ஜ் செய்ய முடியாத வகை லித்தியம் பேட்டரிதான் தாங்கும். கேமராவையும் எல்லா டிராக்கரையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார். கேமராவின் இரைச்சலிலேயே ஜிபிஎஸ் சிக்னல் காணாமல் போவதுண்டு.

ஏபிஆர்எஸ்ஸுக்கு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வேண்டும். அதன் முதல் படியான டெக்னீஷியன் பரீட்சை 35 கேள்விதான். யாராவது ஒருவர் இந்த மாதமே எழுதட்டும். பெட்டியின் எடையும் ரிசீவர் மாடலும் எழுது, சரியான டிராக்கர் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்