கோர்டோபா மெஸ்கித்தாவுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரை, கோர்டோபா நகரத்து மெஸ்கித்தாவை, அதாவது இன்று பேராலயமாக இருக்கும் பழைய மசூதியை, பற்றி இரண்டு தகவல் தந்திருந்தது. மசூதியை இடித்துவிட்டு அங்கே தேவாலயம் கட்டினார்கள் என்பது ஒன்று. பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. மசூதியின் பெரும்பகுதி இன்றும் அப்படியே நிற்கிறது. அதன் நடுவில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துத்தான் பேராலயத்தை எழுப்பினார்கள். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிடிபட மூன்று மணி நேரமாவது வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் பலரும் தங்க மொசைக் மின்னும் மிஹ்ராபுக்கு (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) நேரே போய்விடுகிறார்கள். அப்புறம் எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி தூணும் வளைவுமாகத் தெரிகிறது. இது நான்கு கட்டமாக வளர்ந்த மசூதி. கட்டிய வரிசையிலேயே நடந்தால் குழப்பம் இருக்காது.

ஆரஞ்சு மர முற்றத்தைக் கடந்து உள்ளே வந்ததும் காலடியில் இருப்பது மிகப் பழைய பகுதி. கோர்டோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் 785-இல் தொடங்கியது. இங்கே தூண்களின் அடியையும் தலையையும் பாருங்கள்: ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ரோமானியர், அவர்களுக்குப் பின் முஸ்லிம்கள் வரும்வரை ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் ஆகியோரின் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் இவை. அவ்வளவு பெரிய கூடத்துக்கு இந்தத் தூண்களின் உயரம் போதவில்லை. அதற்குக் கண்ட வழிதான் இரட்டை வளைவு. தூணின் தலைமேல் செங்குத்தாக ஒரு கட்டுத்தூணை ஏற்றினார்கள். கீழே உள்ள லாட வடிவ வளைவு எதையும் சுமக்கவில்லை. கட்டுத்தூண்கள் சாய்ந்துவிடாமல் ஒன்றோடொன்று பிணைக்கிறது, அவ்வளவுதான். கூரையைத் தாங்குவது மேலே உள்ள அரைவட்ட வளைவு. அது கீழ்வளைவை விட அகலம். ஏனென்றால் அதன்மேல் எழும் சுவரின் உச்சியில்தான் மழைநீர் வாய்க்கால் ஓடுகிறது. சிவப்பு செங்கல், வெள்ளை சுண்ணாம்புக்கல். இரண்டும் மாறிமாறி வருகின்றன.

தெற்கே நடந்தால் 9-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் நீட்டிய பகுதி வரும். இதில் பெரும்பங்கைப் பேராலயம் விழுங்கிவிட்டதால் இங்கே அதிக நேரம் நிற்கத் தேவையில்லை.

அடுத்தது இரண்டாம் அல் ஹகம் 962-இல் தொடங்கிய பகுதி. இது கட்டடத்தின் உச்சம் என்பதே என் கருத்து. தூண்கள் இங்கே பழைய சரக்கல்ல, இதற்கென்றே செதுக்கியவை. அடிப்பீடம் கிடையாது, இளஞ்சிவப்பும் கருநீலச் சாயலும் மாறிமாறி நிற்கும். மிஹ்ராபின் மொசைக்குக்கான கண்ணாடிச் சில்லுகளும் அதைப் பதிக்கத் தெரிந்த கைவினைஞரும் பைசாந்தியப் பேரரசரிடமிருந்து வந்ததாக அரபு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மிஹ்ராப் வாயிலின் இரு பக்கத்திலும் உள்ள சிறு தூண்கள் நான்கையும் தவறவிடாதீர்கள். முந்தைய மிஹ்ராபிலிருந்து பத்திரமாகக் கழற்றிக் கொண்டுவந்தவை அவை. பிறகு அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்தின் கல் விலாக்கள் நடுப்புள்ளியில் சந்திக்காமல் விலகி ஒன்றையொன்று வெட்டி, மையத்தில் எண்கோண இடம் விடுகின்றன.

கடைசியாக 987-இல், கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல் மன்சூர் கிழக்கே எட்டு நடைகளை (தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட நீள் கூடங்கள்) சேர்த்தார். தெற்கே ஆறு, மேற்கே அரண்மனை. அதனால் கிழக்கே மட்டும்தான் இடம் இருந்தது. மிஹ்ராப் இன்று கட்டடத்தின் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்பது இதனால்தான். இந்தப் பகுதியில் ஒரு வளைவை உற்றுப் பாருங்கள். சிவப்புப் பட்டையில் செங்கல் அடுக்கின் இணைப்புக் கோடுகளே தெரியாது. எல்லாம் கல், சிவப்பு வெறும் பூச்சு. 2025 ஆகஸ்டில் தீப்பிடித்ததும் இந்தப் பகுதியில் உள்ள ஒரு சிற்றாலயத்தில்தான். நல்லவேளையாக நெருப்பு பெரிதாகப் பரவவில்லை.

பேராலயத்துக்குக் கடைசியில் வாருங்கள். 1236-இல் காஸ்டிலின் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ நகரைப் பிடித்ததும் மசூதி தேவாலயமாகப் புனிதப்படுத்தப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பெரிய இடிப்பு எதுவும் நடக்கவில்லை. 1489-இல் சில தூண்களை எடுத்து கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் ஒரு நடை போட்டார்கள், அவ்வளவே. 1523-இல் ஆயர் அலோன்சோ மன்ரிக் நடுவில் பேராலயம் கட்ட முனைந்தபோது நகர மன்றமே எதிர்த்தது; இடிக்கும் வேலையில் கைவைப்பவருக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கட்டடக் கலைஞர் எர்னான் ரூயிஸ் தொடங்கிய வேலையை மகனும் பேரனும் தொடர, 1607-இல்தான் முடிந்தது. கோதிக்கில் தொடங்கி மறுமலர்ச்சிக் குவிமாடத்தில் முடிவது அதனால்தான். பேராலயத்தின் குறுக்கே ஓடும் நடையின் சுவர்களில் மசூதியின் வளைவுகள் அப்படியே பதிந்திருப்பதைக் காணலாம். மசூதியைக் கெடுத்துவிட்டார்கள் என்று முகம் சுளித்துக்கொண்டு இந்த இடத்தைக் கடந்துபோவது அந்தக் கைகளுக்குச் செய்யும் அநியாயம். சிற்பி பெத்ரோ துக்கே கொர்னேஹோ 18-ஆம் நூற்றாண்டில் மகோகனி மரத்தில் செதுக்கிய பாடகர் இருக்கைகளுக்கு மட்டுமே அரை மணி நேரம் தரலாம்.

இனி நடைமுறை. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருபவர்களுக்கு இலவச அனுமதி உண்டு, குழுக்களுக்கு இல்லை. கூட்டம் குறைவு என்பதால் தூண்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம். ஆனால் பின்னாலேயே திருப்பலி இருப்பதால் நேரம் முடியுமுன்பே வெளியேறச் சொல்வார்கள். முழுதும் பார்க்கச் சீட்டு வாங்கி மறுபடி உள்ளே போக வேண்டும். ஞாயிறு காலையிலும் திருவிழா நாள்களிலும் வழிபாட்டுக்காக இடையில் மூடுவார்கள். நேரத்தை முந்தின நாளே சரிபாருங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். முஸ்லிம் வாசகர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: உள்ளே தொழுகைக்கு அனுமதி இல்லை. செவில்லாவிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். அதனால் குழுவோடு பேருந்தில் வந்து திரும்புவதை விடத் தனியாக ரயிலில் வருவதே வசதி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

மணிக்கோபுரத்துக்குத் தனிச் சீட்டு. 54 மீட்டர் உயரம், படியேறித்தான் போக வேண்டும். மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மினாரா அதற்குள்ளேயே இருக்கிறது. 1589-இல் சேதமடைந்த பிறகு அதைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். பழைய கோபுரம் எப்படி இருந்தது என்பதைக் கிழக்குப் பக்கத்துச் சாந்தா கத்தலீனா வாசலின் மேல் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை இந்த ஊரைப் பற்றி எழுதும்போது, மசூதியின் நான்கு கட்டங்களையும் பேராலயத்தையும் தனித்தனி நிறத்தில் காட்டும் ஒரு தரைப்படத்தைக் கட்டுரையோடு வெளியிட வேண்டுகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வழிகாட்டியே தேவைப்படாது.

இப்படிக்கு,
கட்டடக்கலை ஆசிரியர் ஒருவர்,
திருச்சி