கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று போட்டிருந்தாய். ஞாயிறும் போய்விட்டது. சரி, வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பழைய கவுன் புத்தகம் கடையில்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டேன். யுத்தத்தில் லண்டன்காரர்கள் துணிக்கு ரேஷன் கூப்பன் போட்டது 1941 ஜூனில். ஆளுக்கு வருஷத்துக்கு 66. ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். இதில் விருந்துக்கென்று தனியாக யார் எடுப்பார்கள்? மறுவருஷம் தையலுக்கே கட்டுப்பாடு. ஒரு கவுனுக்கு 5 பட்டன், 2 பாக்கெட், பிளீட் மடிப்புக்கும் கணக்கு. அந்தச் சட்டம் இங்கே வந்திருந்தால் உன் சித்தி ஜாக்கெட்டுக்காகவே என்னை உள்ளே வைத்திருப்பார்கள்.

அந்தப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அக்குள் கிழிந்த கவுனில் பாவாடை நன்றாக இருக்கும். பாவாடை நைந்த கவுனில் மேல்பாகம் தேறும். இரண்டையும் பிரித்து இடுப்பில் சேர்த்துவிடுவார்கள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். பார்க்கிறவர்களுக்கு வேண்டுமென்றே வைத்த டிசைன். காலுறை கிடைக்காதபோது காலில் சாயம் பூசி, பின்னால் புருவப் பென்சிலால் தையல் கோடு இழுத்திருக்கிறார்கள். பாராசூட் பட்டில் கல்யாண கவுன் தைத்திருக்கிறார்கள். முக்கோணத் துண்டுகளாகத்தான் அது கிடைக்கும். பாவாடை வந்துவிடும், முழுக்கை எடுப்பதற்குள் உயிர் போயிருக்கும். 1947-ல் பாரிஸில் தியோர் என்ற டிசைனர் மீட்டர் மீட்டராகத் துணி விட்டு விரிந்த பாவாடை போட்டாரே, அப்போதும் லண்டனில் கூப்பன்தான். 1949 மார்ச்சில்தான் கூப்பனை நிறுத்தினார்கள். அதற்குள் பழைய பாவாடையில் வேறு துணியில் பட்டை வைத்து நீளமாக்கிக்கொண்டார்கள். கெட்டிக்காரிகள்.

உன் ஆபீஸ் பார்ட்டி போட்டோ பார்த்தோம். நான் தைத்த அதே பச்சை கவுன். போன வருஷமும் அதுதானே என்று அம்மா முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் பெருமைதான், ஒரு தையல் விடவில்லை. நான் பார்த்தது வேறு. தோள் இறங்கியிருக்கிறது. சைடில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் பிடிக்கலாம். அது சாட்டின், தானாக விரியாது. நான் அளவு தப்பி வெட்டுகிறவனும் இல்லை.

அங்கே வாடகை ஏறிவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை எப்படி என்றும் கேட்கவில்லை. ராத்திரிக்கு ரொட்டியோடு நிறுத்தாதே, ஒரு பிடி சோறு வை. காலேஜில் முதலாவதாக வந்தவளுக்கு அப்பனுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை என்று கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செல்வி ரிசப்ஷனுக்கு லீவு இல்லை என்றாய். டிக்கெட்தான் காரணம் என்றால் சொல். புது மிஷினுக்குப் போட்ட ஆர்.டி. முடிந்து பணம் கையில் இருக்கிறது. பழைய மிஷின் இன்னும் ஓடும். ரிசப்ஷனுக்கு அரக்கு நிறத்தில் ஒரு கவுன் வெட்டலாம் என்றிருக்கிறேன், துணி எடுத்தாகிவிட்டது. வேளைக்குச் சாப்பிடு.

தோள், மார்பு, இடுப்பு மூன்றும் எடுத்து அனுப்பு. டேப் இல்லாவிட்டால் நூலால் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார். பழைய அளவு என் நோட்டில் இருக்கிறது, அதையே எழுதி அனுப்பிவிடாதே.

அப்பா