கர்னல் ஆவணங்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு: தேடினால் கிடைக்க வேண்டும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடி லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) ஆவணங்களைத் தமிழில் எழுதிவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் டிரைவர், அதாவது வன்பொருளைக் கர்னலோடு இணைக்கும் நிரல், எழுதுவது என் வேலை. பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டபோது பத்தாயிரம் வரி அளவில் இருந்த கர்னல், இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதை யார் முழுக்கப் படிக்க முடியும்? கோப்புகளில் சொல் தேடும் 'கிட் கிரெப்' கட்டளையைப் போட்டு ஒரு சொல்லைப் பிடித்து அதன் பின்னாலேயே போகிறோம். அதிலும் கண்ணாமூச்சி உண்டு. கோப்பைப் படிக்கும் 'சிஸ்_ரீட்' என்ற செயல்கூறு எழுதப்பட்ட இடத்தைத் தேடிப் புதுப் பிள்ளைகள் அலுத்துப்போவார்கள். மூலநிரலில் அது ஒரு மேக்ரோவுக்குள் (பிறகு முழு நிரலாக விரியும் சுருக்கம்) வெறும் 'ரீட்' என்றுதான் இருக்கும். முழுப் பெயர் கம்பைல் ஆகும்போதுதான் உருவாகிறது.

சரி, உங்கள் வரைவுக்கு வருகிறேன். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் 'கொடி' என்று தேடினேன், ஒன்றுமே வரவில்லை. கண்ணெதிரே ஏழு இடத்தில் இருக்கிறது! பிரித்துப் பார்த்தேன். நான் தட்டிய 'கொ'வில் ஒகரக் குறி ஒரே யூனிகோடு எழுத்து. உங்கள் கோப்பில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள். திரையில் இரண்டும் ஒன்றுதான், கிரெப்புக்கு வேறு வேறு. எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒரே எழுத்தாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், தீர்ந்துவிடும்.

அப்புறம் வேற்றுமை உருபு. 'பூட்டு' என்று தேடினால் 'பூட்டை', 'பூட்டில்' அகப்படாது. 'பூட்ட' என்று தேடினால் மூன்றும் வரும். 'நினைவகம்' வேண்டாம், 'நினைவக' போதும். முன்னுரையில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒருசேரத் தொடாமல் காப்பவை ஸ்பின்லாக்கும் மியூட்டெக்ஸும். இரண்டுக்குமே 'பூட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். மியூட்டெக்ஸுக்குக் காத்திருக்கும்போது நிரல் தூங்கலாம், அதாவது செயலியை விட்டுக்கொடுத்து ஓய்ந்திருக்கலாம். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கவே கூடாது. ஒன்றைத் தேடி மற்றதன் விதியைப் படித்தவன் எழுதும் டிரைவர், கணினியையே உறைய வைத்துவிடும். தயவுசெய்து ஒரு பொருளுக்கு ஒரே சொல் வையுங்கள், பக்கத்திலேயே மூலப்பெயரும் இருக்கட்டும்.

கர்னலோடு வரும் மொழிபெயர்ப்புகளில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம் எல்லாம் இருக்கின்றன. தமிழும் அங்கே சேர வேண்டும் என்று உங்களைப் போலவே நானும் ஆசைப்படுகிறேன். சொற்பட்டியல் வேலையை என்னிடம் கொடுங்கள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடுவேன்.