கார் பேட்டரியில ஓடட்டும், விசைப்படகுக்கு ஹைட்ரஜன் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பேட்டரி காருக்கு மாற்று ஹைட்ரஜன் கார்தான்னு இப்ப நிறைய பேர் சொல்றாங்க. டொயோட்டா மிராய் 2014லயே வந்திருச்சு, அஞ்சு நிமிசத்துல டேங்க் ஃபுல், புகையே கிடையாது தண்ணிதான் வெளிய வரும், எல்லாம் நல்லதுதான். ஆனா தண்ணியில இருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் வேணும், அப்புறம் அதை 700 பார் அழுத்தத்துல அடைக்கணும், அதுல கார் ஓடுறது சுமார் 100 கிலோமீட்டர், அதே கரண்ட்டை நேரா பேட்டரியில ஏத்துனா 300 போலாம். கமுதியில 648 மெகாவாட் சோலார் வச்சிருக்கோம், அந்த கரண்ட்டை இப்படி வீணாக்கணுமா? தண்ணியும் கிலோவுக்கு குறைஞ்சது 9 லிட்டர் வேணும், இங்க நாங்க குடத்தோட லாரிக்கு காத்து நிக்கிறோம், அதனால கடல்தண்ணிய நன்னீராக்கித்தான் எடுக்கணும்.

விசைப்படகு கதை வேற. ராத்திரி முழுக்க வலை இழுக்குற போட்டுக்கு பேட்டரி வெயிட் தாங்காது, டீசல் போட்டே கடனாளி ஆயிட்டோம். கொச்சின் ஷிப்யார்டு கட்டுன ஹைட்ரஜன் படகை பிரதமர் 2024 பிப்ரவரியில தூத்துக்குடியில வச்சுதான் தொடங்கி வச்சார், அந்த டெக்னாலஜிய ராமேஸ்வரத்துல ஒரு விசைப்படகுலயாவது போட்டுப் பாக்கணும்னு அரசாங்கத்த கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு டிரைவர் ஒருத்தர், மண்டபம்