பாப்பா, அந்த கதைய நான் பாதிதான் சொன்னேன்

பாப்பா,

நேத்து போன்ல "கால்ல க்ரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டு ஆபீஸ் போயிட்டேன்பா, கெரி ஸ்ட்ரக் மாதிரி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன, நானும் சேந்து சிரிச்சுட்டேன், போனை வெச்சப்புறம் தூக்கமே வரல. காலைல காபி கூட குடிக்காம டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

அந்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் பொண்ணு பேரை உனக்கு சொன்னதே நான்தான். 1996 அட்லாண்டா, நம்ம லியாண்டர் பயஸ் வெண்கலம் வாங்கின அதே ஒலிம்பிக். கால்ல கட்டோட இருக்கற அந்த குட்டிப் பொண்ணை கோச் பேலா கரோலி கையில தூக்கிட்டு வர்ற போட்டோவ பேப்பர்ல வெட்டி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன், கோந்து கறை இன்னும் போகல.

ஜூலை 23, டீம் ஃபைனல், அமெரிக்காவுக்கு கடைசி ரவுண்டு வால்ட், ஓடி வந்து கைய ஊனி தாவறது, ஆளுக்கு ரெண்டு தாவல், அதுல நல்லதுதான் கணக்கு. முன்னாடி போன டொமினிக் மோசியானு ரெண்டு தடவையும் பொத்துன்னு விழுந்துட்டா. அடுத்து இவ, வயசு 18, முதல் தாவல்ல இவளும் விழுந்து இடது கணுக்கால் போச்சு. நொண்டிக்கிட்டே வர்றா, கோச் "உன்னால முடியும்"னு கத்தறார். மறுபடி ஓடி, தாவி, காத்துல சுத்தி ரெண்டு கால்ல இறங்கி, அடுத்த நொடியே இடது காலை கொக்கு மாதிரி தூக்கிக்கிட்டு ஜட்ஜுங்களுக்கு கைய காட்டிட்டு அப்படியே முட்டி போட்டு சரிஞ்சா. 9.712. தங்கம்.

உனக்கு சொன்னது இதோட சரி. அவ ரெண்டாவது தாவலைன்னாலும் தங்கம்தான். ஆறு பேர் செஞ்சா நல்ல அஞ்சு மார்க்தான் கணக்கு, இவ மார்க்குக்கு பதிலா மோசியானுவோட 9.2 உள்ள வந்திருக்கும், அரை மார்க்தான் குறையும். கடைசி மொத்தம் அமெரிக்கா 389.225, ரஷ்யா 388.404, நீயே கழிச்சுப் பாரு. அந்த நிமிஷம் அது யாருக்கும் தெரியாது, ரஷ்யாக்காரங்களுக்கு ஃப்ளோர், அதான் தரையில செய்யற ஐட்டம், பாக்கி இருந்துச்சு, அதனால அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா 1992 பார்சிலோனால 14 வயசுல மயிரிழைல தவறிப்போன ஆல்ரவுண்ட் ஃபைனல் (தனி ஆளா எல்லா ஐட்டமும் செய்யற போட்டி) இந்த தடவை கைக்கு வந்தும் லிகமென்ட் கிழிஞ்சு ஆட முடியாம போச்சே, அதை நான் உனக்கு சொல்லவே இல்ல.

நீ ஒம்பதாவது படிக்கறப்ப சோனல்ஸ் 400 மீட்டர், வார்ம்-அப்ல கால் மடங்கி அழுதுட்டு நின்ன. கேலரில இருந்து இறங்கி வந்து இந்த பாதி கதையத்தான் சொன்னேன். ஓடின, மூணாவது வந்த, ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுத்தாங்க. ராத்திரி கால் வீங்கி ஷூ கழட்ட முடியல, அம்மா ஒத்தடம் குடுத்துக்கிட்டே என் முகத்தையே பாக்கல. அதே கால்தானே பாப்பா இப்பவும்?

டோக்கியோ ஒலிம்பிக்ல அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் காத்துல திசை பிடிபடலன்னு டீம் ஃபைனல்ல பாதில விலகினப்ப "என்ன பொண்ணு இது"ன்னு நான் சொல்ல, நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம் அவ பாரிஸ்ல மூணு தங்கம் வாங்கினா. நீ சொன்னதுதான் ரைட்டு, லேட்டாதான் ஒத்துக்கறேன். ஆனா அவளுக்கு அவ்வளவு வக்காலத்து வாங்கினவ உனக்குன்னு வந்தா மட்டும் ஏன்டா இப்படி?

உங்க ஆபீஸ் ப்ராஜெக்ட் கோ-லைவ் ரெண்டு நாள் தள்ளிப் போனா ரஷ்யா ஒண்ணும் ஜெயிச்சிடாது. லீவ் போடு, எக்ஸ்ரே எடு, ஸ்கூட்டிய தொடாத, ஆட்டோல போ. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, இப்ப அந்த டம்ளர்லதான் எனக்கு காபி ஆத்திக்கிட்டு இருக்கா.

அப்பா