அட்டனில் இறங்கச் சொல்

கொட்டகலை

அன்பின் மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னோடு வேலை செய்யும் சென்னைத் தோழி இலங்கைக்கு வரவிருப்பதையும், மலையகத்துக்கென்று அவரால் இரண்டு நாட்களை மட்டுமே ஒதுக்க முடியும் என்பதையும் எழுதியிருந்தாய். மலையகம் முழுவதன் குணத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நீ நுவரெலியா என்று பதில் சொல்லிவிட்டு, அங்கே ஓர் அறை பார்க்கும்படி என்னிடம் கேட்டிருக்கிறாய். அறை பார்ப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தப் பதிலை நீ மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தைந்து வருடங்கள் பிள்ளைகளுக்கு இந்த மண்ணின் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், காரணத்தை ஒரு வரியில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நுவரெலியாவை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் மக்கள். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த நகரம், வெள்ளைக்காரர் தங்கள் நாட்டுக் குளிரை நினைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதற்காக அமைத்த நகரம். குதிரைப் பந்தயத் திடல், 1873இல் அமைத்த கிரகரி வாவி, ஏப்ரல் மாத வசந்தகாலக் கொண்டாட்டம் என்று அங்கே கண்ணில் படுபவை எல்லாம் விருந்தாளிக்காக உண்டானவை. கொழுந்து பறிக்கும் பெண் அங்கே எடுக்கும் படங்களில் கட்டாயம் இருப்பாள். அவள் விடிகாலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடியதும், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டு மலையேறியதும், கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு திரும்பியதும் அந்தப் படங்களில் இருப்பதில்லை.

தொடக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் மாத்தளையைச் சொல்லலாம். கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த இடம் அது. வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்களின் கணக்கு யாரிடமும் ஒழுங்காக இல்லை. அந்த இருநூறு ஆண்டுகளை நினைத்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தபோது, கடைசி நாள் நானும் முழங்கால் வலியோடு சேர்ந்து நடந்தேன். முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் தெரிந்ததும் அழுதுவிட்டேன் என்பதை உன் அம்மா உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாள். இருந்தாலும் வந்து சேர்ந்த கதையோடு நம் கதை முடிந்துவிடவில்லையே.

பதுளைப் பக்கத்தைச் சொல்பவர்களை மறுப்பது எனக்குக் கடினம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை மூடியதை நினைத்தால், லயத்து வாழ்க்கை எதன் மேல் நிற்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இல்லை என்றே தோன்றுகிறது. இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டத்து மக்களின் நிலை வேறு. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு கூட்டமாக வாழும் அவர்களில் பலரின் வீடுகளில் தமிழ் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருக்கிறது. நான் சொல்லப் போகும் இடம் அவர்களுடைய தனிமையைக் காட்டாது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொல்லும் இடம் அட்டன். நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். மழைக்காலத்தில் சேறும், பஸ் நிலையத்தில் நெரிசலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கடைகளுமாக இருக்கும் அந்த ஊரை விட்டு எப்போது போகலாம் என்று உயர்தரம் படித்த காலத்தில் நீ நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். ஸ்கொட்லாந்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி, அதை நம் மக்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்ட ஊர் அது. அங்கே அழகு குறைவுதான். ஆனால் தோட்டத்து மனிதன் துரையின் எல்லையைத் தாண்டி வந்து, தன் காசைத் தானே எண்ணிச் செலவழித்து, தனக்குப் பிடித்தவரோடு பேசிக்கொண்டு நிற்கக் கிடைத்த முதல் இடம் இப்படிப்பட்ட கடைவீதிதான். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றால் போதும். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, வட்டவளை என்று எல்லாத் திசைகளிலிருந்தும் பஸ்கள் வந்து ஆட்களை இறக்கும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குபவர்களும், அடகுக் கடையில் தோட்டை மீட்பவர்களும், மாணிக்கப்பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுச் சாயத்தண்ணி குடிக்கப் போகிறவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

நம்முடைய அரசியலுக்கும் அந்தத் தெருவோடு தொடர்பு உண்டு. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாதிருந்த காலத்தில் புடவை வியாபாரியைப் போல வேடமிட்டு லயங்களுக்குள் போன கோ. நடேசையர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று முதல் தொழிற்சங்கத்தை அமைத்தபோது அட்டனையே தளமாகக் கொண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தாமே பாட்டுக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்தே நடேசையர் அக்காலச் சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனார். 1947 தேர்தலில் மலையகம் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் அந்த வாக்குகளையே இல்லாமல் செய்துவிட்டன.

அதன் பலனை நான் கண்ணால் பார்த்தது அட்டன் ஸ்டேசனில்தான். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்துக்கொண்ட கணக்கில், என் பெரியப்பா குடும்பம் ஒரு பக்கமும் நாங்கள் மறுபக்கமும் விழுந்தோம். அவர்கள் போன நாளில் எனக்குப் பதின்மூன்று வயது. கோச்சி வருவதற்கு முன்பே மேடை முழுவதும் அழுகையாக இருந்தது. தகரப் பெட்டிகளின் மேல் பெயர்களைப் பெயின்றால் எழுதியிருந்தார்கள். அம்மியைக் கொண்டுபோக முடியாது என்று பெரியம்மா அதை எங்கள் வீட்டு முன்புற இஸ்தோப்பில் விட்டுப் போனார். அது இன்றும் நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, நீ அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறாய். அப்பாயி கோச்சியின் சன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு சில அடிகள் கூடவே ஓடினார். அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். உன் தோழி தமிழ்நாட்டுக்காரர் என்பதால், அந்த மேடையில் நின்று இந்தக் கதையை அவருக்குச் சொல்ல விரும்புகிறேன். அது அவருடைய ஊரின் கதையும்தான்.

அந்த மேடையில் இப்போது கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பையன்களும், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் புறப்படும் தாய்மாரும், பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி தூக்கும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். உன்னை நான் வழியனுப்பியதும் அங்கேதான். 1884இல் கோச்சிப் பாதை அட்டனை எட்டியது தேயிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு போவதற்காக. அதே பாதையில் இத்தனை தலைமுறை ஆட்களும் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான் என்பதை வகுப்பில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அட்டன் ஓயா மகாவலியில் கலந்து திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. மேட்டைத் தாண்டி டிக்கோயாவுக்கு இறங்கினால், அந்தப் பக்கத்து மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, பிறகு களனி கங்கையாகிக் கொழும்புக்கருகே கடலைத் தொடுகிறது. அந்தத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் எங்கள் தலைக்கு மேலே கம்பிகளில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்களில், நான் லயக் காம்பிராவில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தேன். மூக்குத் துவாரத்தில் கரி படியும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை, மகள்.

ஆகவே முதல் நாள் அவரை அட்டனில் இறங்கச் சொல். கண்டிப் பக்கமிருந்து கோச்சியில் வரட்டும். கடைவீதியையும் ஸ்டேசனையும் காட்டிவிட்டு, அடுத்த கோச்சியில் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து கொட்டகலைக்குக் கூட்டிவருகிறேன். மலைநாட்டுப் பாதையில் மிக நீளமான சுரங்கம் அதுதான். அறை வேண்டாம், இரவு நம் வீட்டிலேயே தங்கலாம். அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்வாள். மறுநாள் நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் போவோம். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் நடந்துகொண்டிருந்தால், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மலைக்கு வெவ்வேறு பெயர் சொல்லிக்கொண்டு ஒரே படியில் ஏறுவதையும், மலையடிவாரத்து நல்லதண்ணியில் தோட்டத்துக் குடும்பங்கள் கடை போட்டிருப்பதையும் பார்க்கலாம்.

பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மழை இல்லாத மாதங்களில் நீர் நன்றாக வற்றினால், அதற்குள்ளிருந்து கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். சேறு காய்ந்திருந்தால் கிட்டப் போய்ப் பார்க்கவும் முடியும். பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் அப்படி வற்றும். அவர் எந்த மாதம் வருகிறார் என்பதை நீ எழுதவில்லை. திகதி இன்னும் முடிவாகவில்லை என்றால், அந்த மாதங்களைச் சொல்லிப் பார்.

அன்புடன்,
அப்பா