ரன்சிபிள் ஸ்பூன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே நல்ல மழை. குளம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

சரி, 'ரன்சிபிள் ஸ்பூன்' என்றால் என்ன என்ற உன் பேத்தியின் சந்தேகத்துக்கு வருகிறேன். பச்சைப் படகில் போன ஆந்தையும் பூனையும் கல்யாணம் கட்டிக்கொண்டு, விருந்தை 'ரன்சிபிள் ஸ்பூனால்' சாப்பிட்டதாக ஆங்கில வேடிக்கைப் பாட்டுக்காரர் எட்வர்ட் லியர் பாடியது 1870-இல் வந்தது. ரன்சிபிளுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அவராக உண்டாக்கிய சொல். அதையே இன்னொரு பாட்டில் சிவப்பு மீசைப் பூனைக்குப் போட்டார், தன்னைப் பற்றிய பாட்டில் தொப்பிக்கும் போட்டார். ஸ்பூன், பூனை, தொப்பி மூன்றுக்கும் பொதுவாக எதைச் சொல்வது?

அகராதிக்காரர்கள் விடுவார்களா! ஊறுகாய் எடுக்கிற முள்கரண்டி, வளைந்த மூன்று பல், அதில் ஒரு விளிம்பு கத்திபோல் கூர் என்று பின்னால் எழுதி வைத்துவிட்டார்கள். லியரோ, ரன்சிபிள் ஸ்பூனால் தவளை பிடிக்கிற வாத்து ஒன்றைத் தன் கையாலேயே வரைந்திருக்கிறார். அதில் இருப்பது நீளக் காம்பும் குழியுமாக நம் குழம்புக் கரண்டி மாதிரி ஒன்று. பல்லே இல்லை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றுவிட்டு, வாய்க்காலைத் தாண்டும்போது சொன்ன 'அத்திரிபாச்சா'வை வீட்டுக்கு வந்து செய்து தரச் சொன்னானே ஒரு மாப்பிள்ளை, அவன் கதைதான் இது.

மனிதர் 1873-இல் இந்தியாவுக்கும் வந்தார், படம் வரைய. நம் ஊர்ச் சொற்கள் காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? அடுத்த வருஷமே ஒரு பாட்டு. அதில் ஒருத்தி 'தோபி' மேல் உட்கார்ந்து அந்தி நட்சத்திரம் பார்க்கிறாள். கான்சாமாக்கள் மரமாக வளர்ந்து நிற்கிறார்கள். கடைசியில் இடுப்பில் கட்டுகிற கமர்பந்து வாயைத் திறந்துகொண்டு வந்து அவளை விழுங்கிவிடுகிறது. தோபி சலவைக்காரர், கான்சாமா சமையல்காரர் என்று தெரிந்த நமக்குத்தான் அதில் சிரிப்பு அதிகம். ரன்சிபிளை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

டீச்சர் அர்த்தம் எழுதச் சொன்னால் பேத்தி அகராதியில் உள்ளதையே எழுதட்டும், மார்க் போக வேண்டாம். வீட்டில் பாடும்போது மட்டும் அந்த முள்கரண்டியைக் கொண்டுவராதே.

அப்புறம், தம்பி மகள் கல்யாணம் தையில் வைத்திருக்கிறோம். பத்திரிகை தனியாக வரும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடு, கீழ் பெர்த்தாகப் பார்.

அன்புடன்,
ராமு